பதிவேட்டில் இல்லாத உறவு

மைஎஸ்க்யூஎல் கற்க வருபவர்களுக்காக அதைத் தயாரிப்பவர்களே ஒரு மாதிரித் தரவுத்தளத்தை வெளியிட்டிருக்கிறார்கள். அதன் பெயர் சாகிலா. டிவிடி வாடகைக்கு விடும் ஒரு கற்பனைக் கடையின் கணக்கு வழக்கு முழுவதும் அதில் இருக்கிறது: 1000 படங்கள், 200 நடிகர்கள், 599 வாடிக்கையாளர்கள், 2 கிளைகள், கிளைக்கு ஒருவராக 2 ஊழியர்கள். படத்துக்கு ஓர் அட்டவணை, மொழிக்கு ஓர் அட்டவணை, வாடகைக்கு ஓர் அட்டவணை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் படம் எந்த மொழியில் என்பதைப் பட அட்டவணையின் ‘லாங்குவேஜ் ஐடி’ என்ற நெடுவரிசை சொல்கிறது. அதில் 1 என்று இருந்தால், மொழி அட்டவணையில் 1 என்ற எண்ணுள்ள பதிவைப் போய்ப் பார்க்க வேண்டும். பேச்சில் ஃபாரின் கீ என்றே புழங்கும் அயல் சாவி இதுதான். இன்னோர் அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டும் நெடுவரிசை அது.

இப்படிப்பட்ட தரவுத்தளத்தை ஒரு நிரல் உருவாக்கியிடம் கொடுத்தால், அது அட்டவணைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுதித் தந்துவிடும். ஜாவாக்காரர்களுக்கு ஹைபர்னேட் கருவிகள், டாட்நெட்காரர்களுக்கு என்டிட்டி ஃபிரேம்வொர்க், பைத்தானில் ஜாங்கோவின் ‘இன்ஸ்பெக்ட்டிபி’, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிரிஸ்மா. எல்லாம் செய்வது ஒரே வேலைதான். அட்டவணை கிளாஸ் ஆகிறது, நெடுவரிசை அதன் உறுப்பாகிறது, அயல் சாவி இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே பாலமாகிறது. இந்த மூன்றாவது வேலையில்தான் கருவிகள் அடிக்கடி கைவிடுகின்றன. கிளாஸ்கள் அனைத்தும் ஒழுங்காக வந்திருக்கும். படத்திலிருந்து மொழிக்குப் போகும் வழி மட்டும் இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது.

சாகிலாவிலேயே இதைப் பார்க்கலாம். அதில் ‘ஃபிலிம் டெக்ஸ்ட்’ என்றோர் அட்டவணை உண்டு. படத்தின் எண், தலைப்பு, கதைச் சுருக்கம், இவ்வளவுதான் அதில் இருப்பது. ‘ஃபிலிம் ஐடி’ என்ற பெயரைப் பார்த்த மாத்திரத்தில் இது பட அட்டவணையைச் சேர்ந்தது என்று எந்த மனிதரும் சொல்லிவிடுவார். நிரல் உருவாக்கி சொல்லாது. ஏனென்றால் அந்த அட்டவணையில் அயல் சாவி அறிவிக்கப்படவே இல்லை. பட அட்டவணையில் ஒரு பதிவு சேர்ந்தால், மாறினால், நீங்கினால், மூன்று டிரிக்கர்கள் இதையும் அதற்கேற்ப மாற்றிவிடுகின்றன. உறவு உண்மையானது, டிரிக்கர்கள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் தரவுத்தளம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில் அந்த உறவு இல்லை. கருவி படிப்பது அந்தப் பதிவேட்டை மட்டும்தான். ஊருக்கே தெரிந்த திருமணம், ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்பார்கள் அல்லவா, அதுபோல.

ஆகவே உறவு விடுபட்டிருக்கும்போது கருவியைத் திட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பதிவேடு என்ன சொன்னது? அதையும் கருவி எந்தக் கணக்கில், எந்த அனுமதியோடு, எந்தக் குவரியைக் கொண்டு கேட்டதோ, அப்படியே கேட்க வேண்டும். வெற்று விடை ஒன்று வந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். உறவு இல்லை என்பது ஒன்று. உறவு இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று. பெரும்பாலான கருவிகள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. இந்தத் துறையின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

எழுதியது ஒன்று, பதிந்தது ஒன்று

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில்தான் தரவை உறவுகளாகப் பார்க்கும் முறை பிறந்தது. முதன்மைச் சாவி, அயல் சாவி இரண்டுமே அந்தக் கட்டுரையில் இருக்கின்றன. ஆனால் கருத்து பிறந்த வேகத்தில் அது மொழியில் ஏறவில்லை. எஸ்க்யூஎல் மொழியின் முதல் தரநிலை 1986இல் வந்தபோது அயல் சாவி அதில் இல்லை. 1989 திருத்தத்தில்தான் சேர்ந்தது. தரவுத்தளம் தன் அமைப்பைத் தானே விவரிக்கும் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ 1992 தரநிலையில் வந்தது. கருத்துக்கும் அதைக் கேட்டறியும் பொது வழிக்கும் இடையே 22 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டது. இன்றும் ஆரக்கிளில் ஒரு விதம், எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு விதம், போஸ்ட்கிரெஸில் ஒரு விதம் என்று கேட்க வேண்டியிருப்பதற்குக் காரணம் அந்த வரலாறு.

மைஎஸ்க்யூஎல்லின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் உறவு காணாமல் போவதற்கு அதைப்போல் காரணமாக இருந்த அமைப்பு வேறு இல்லை. அதில் ஒவ்வோர் அட்டவணையையும் ஒரு சேமிப்பு எஞ்சின் தாங்குகிறது. நெடுங்காலம் இயல்பு எஞ்சினாக இருந்தது மைஐசாம். அதற்கு அயல் சாவி தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. அயல் சாவியோடு எழுதிய கட்டளையை அது முழுதாக ஏற்றுக்கொண்டு, அட்டவணையை உருவாக்கி, வெற்றி என்று விடை தந்து, அந்த வரியை மட்டும் எறிந்துவிடும். ஃபின்லாந்தின் ஹெய்க்கி தூரி எழுதிய இன்னோடிபி எஞ்சின்தான் அயல் சாவியைக் காத்தது. அது இயல்பு எஞ்சினானது 2010இல், 5.5ஆம் பதிப்பில். அதற்கு முன் எழுந்த எண்ணற்ற தரவுத்தளங்களில், எழுதியவர் உறவை அறிவித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்க, பதிவேடு வெறுமையாக இருந்தது.

இன்னோடிபிக்கு மாறிய பிறகும் ஒரு பொறி மிஞ்சியது. அயல் சாவியை இரண்டு விதமாக எழுதலாம்: நெடுவரிசையின் வரியிலேயே ‘ரெஃபரென்சஸ்’ என்று சேர்த்து எழுதுவது ஒன்று, அட்டவணையின் கடைசியில் ‘ஃபாரின் கீ’ என்று தனி வரியாக எழுதுவது மற்றொன்று. தரநிலைப்படி இரண்டும் சரி. போஸ்ட்கிரெஸில் இரண்டும் ஒன்றே. மைஎஸ்க்யூஎல் முதல் வடிவத்தைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 2024இல் வந்த 9.0 பதிப்பில்தான் அது மதிக்கப்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்புகள் இன்னும் ஏராளமான சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் பழகியவர் எழுதிய ஸ்கீமா கோப்பு அங்கே போனால் அட்டவணைகள் எல்லாம் பிழையின்றி உருவாகும். உறவு ஒன்றுகூட இருக்காது. கண்டுபிடிக்கும் வழி எளிது. நாம் எழுதிய கோப்பைப் பார்க்கவே கூடாது. ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்று தரவுத்தளத்திடமே கேட்டால், தான் உண்மையில் எதை வைத்துக்கொண்டதோ அதை மட்டும் எழுதிக் காட்டும். எந்த எஞ்சின் என்பதும் அதன் கடைசி வரியில் இருக்கும்.

எஸ்க்யூலைட்டில் நிலைமை தலைகீழ். கைபேசிகள் எங்கும் நிறைந்திருக்கும் இந்தச் சிறு தரவுத்தளம், அயல் சாவிக்குக் காவல் நிற்கத் தொடங்கியது 2009இல், 3.6.19 பதிப்பில். அப்போதும் இப்போதும் காவல் இயல்பாக அணைந்தே இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் தனியாக இயக்க வேண்டும். ஆனால் காவல் அணைந்திருந்தாலும் அறிவிப்பு பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. ‘ஃபாரின் கீ லிஸ்ட்’ என்று கேட்டால் வரும். எனவே நிரல் உருவாக்கி உறவைக் கண்டு பாலத்தை அழகாக எழுதித் தரும், அதே வேளையில் தரவில் எங்கேயும் போய்ச் சேராத எண்கள் இருக்கும். ஆரக்கிளில் முடக்கி வைத்த அயல் சாவிக்கும், எஸ்க்யூஎல் சர்வரில் சரிபார்க்காமல் சேர்த்த அயல் சாவிக்கும் இதே கதிதான். அறிவிப்பு, காவல், தரவின் உண்மை ஆகிய மூன்றும் தனித்தனி. கருவிக்குத் தெரிவது முதலாவது மட்டுமே.

பார்க்கும் உரிமை

இனி, உறவு ஒழுங்காக அறிவிக்கப்பட்டு, பதிவேட்டிலும் ஏறி, அப்படியும் கருவிக்குத் தெரியாமல் போகும் நிலை. இதில் போஸ்ட்கிரெஸின் ஒரு விதியை அறியாமல் பலர் நாட்களைத் தொலைக்கிறார்கள்.

நிரல் எழுதுபவரின் மடிக்கணினியில் நிரல் உருவாக்கி எல்லா உறவுகளையும் கண்டுபிடிக்கிறது. அதே கருவி, அதே பதிப்பு, அதே அட்டவணைகள், ஆனால் நிறுவனத்தின் சர்வரில் ஓடும்போது ஓர் உறவுகூட வரவில்லை. அட்டவணைகள் வருகின்றன, நெடுவரிசைகள் வருகின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று: மடிக்கணினியில் அட்டவணைகளை உருவாக்கியவரே உரிமையாளர், சர்வரில், பாதுகாப்புக் கருதி, வாசிக்க மட்டும் அனுமதி பெற்ற கணக்கு. போஸ்ட்கிரெஸின் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் கட்டுப்பாடுகளைக் காட்டும் பார்வை, ஓர் அட்டவணையின் உரிமையாளருக்கும், வாசிப்பதைத் தவிர வேறேதேனும் அனுமதி உள்ளவருக்கும் மட்டுமே அந்த அட்டவணையின் கட்டுப்பாடுகளைக் காட்டும். சுட்டப்படும் நெடுவரிசைகளைக் காட்டும் பார்வை இன்னும் கறார். அட்டவணையின் உரிமையாளருக்கு மட்டும்தான் காட்டும். வாசிக்க மட்டும் உரிமை பெற்றவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று செய்தி வராது. பூஜ்ஜியம் வரிசைகள் என்ற விடை வரும். இது தரநிலை வகுத்த வழிதான், போஸ்ட்கிரெஸின் பிழை அன்று.

குழப்பத்தைக் கூட்டும் இன்னொன்றும் உண்டு. சந்தேகம் வந்தவர் அதே கணக்கில் நுழைந்து, பிஎஸ்க்யூஎல் முனையத்தில் அட்டவணையை விவரிக்கச் சொன்னால், அயல் சாவிகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். ‘எனக்குத் தெரிகிறதே, கருவிக்கு ஏன் தெரியவில்லை?’ என்று அவர் கருவியின் மேல் பாய்வார். பிஎஸ்க்யூஎல் கேட்பது இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை அன்று. ‘பிஜி கேட்டலாக்’ என்ற உள்பதிவேட்டை. அங்கே ‘பிஜி கன்ஸ்ட்ரெயின்ட்’ அட்டவணையை யாரும் படிக்கலாம். ஆகவே சோதிக்கும்போது கணக்கு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, கேட்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கென்று கருவி எழுதுபவர்கள் உள்பதிவேட்டைப் படிப்பதே நல்லது. தரநிலைக்கு உட்பட்டு எழுதினால் எல்லாத் தரவுத்தளங்களிலும் ஓடும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் எல்லா இடங்களிலும் ஓடி, சில இடங்களில் வெற்று விடை தருவதால் யாருக்கு என்ன பயன்?

உள்பதிவேட்டைப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தரநிலைப்படி ஒரு ஸ்கீமாவுக்குள் கட்டுப்பாட்டின் பெயர் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதை வற்புறுத்துவதில்லை. ஓர் அட்டவணைக்குள் மட்டும் தனித்திருந்தால் போதும். விலைப்பட்டியல் அட்டவணையிலும் புகார் அட்டவணையிலும் வாடிக்கையாளரைச் சுட்டும் சாவிக்கு ‘எஃப்கே கஸ்டமர்’ என்றே ஒருவர் பெயர் வைத்துவிடலாம். பெயரை மட்டும் கொண்டு பார்வைகளை இணைக்கும் குவரி, இரண்டையும் குழப்பி, இல்லாத உறவுகளை உண்டாக்கிவிடும். கூட்டுச் சாவியில் இது இன்னும் மோசம். பாடக் குறியீடு, பருவம் என்ற இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்து ஒரு வகுப்பைச் சுட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த நெடுவரிசைக்கு எது இணை என்ற வரிசையைக் கவனிக்காமல் இணைத்தால் இரண்டுக்குப் பதில் நான்கு இணைகள் வரும். மூன்று நெடுவரிசைகள் என்றால் ஒன்பது. பருவம் பாடக் குறியீட்டைச் சுட்டுவதாக உருவாகிய நிரல் சொல்லும்போது, பார்ப்பவர் தன் ஸ்கீமாவில் பிழை என்று நினைப்பார். ‘பிஜி கன்ஸ்ட்ரெயின்ட்’டில் சுட்டும் நெடுவரிசைகளும் சுட்டப்படும் நெடுவரிசைகளும் ஒரே வரிசைமுறையில் இரண்டு பட்டியல்களாக இருக்கின்றன, குழப்பத்துக்கு இடமே இல்லை. எஸ்க்யூலைட்டும் ஒவ்வொரு சாவிக்கும் ஓர் எண், அதற்குள் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரிசை எண் என்று தருகிறது. அந்த முதல் எண்ணைக் கவனிக்காத கருவி, ஒரு கூட்டுச் சாவியை இரண்டு தனி உறவுகளாக உடைத்துவிடும். எஸ்க்யூலைட்டில் மற்றொன்று: சுட்டப்படும் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதி, நெடுவரிசையை எழுதாமல் விட்டால், பட்டியலில் அந்த இடம் வெறுமையாக வரும். முதன்மைச் சாவி என்று கருவிதான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜாவா உலகில் தரவுத்தளம் எதுவானாலும் ஜேடிபிசி என்ற ஒரே வாசல் உண்டு. ‘கெட் இம்போர்ட்டட் கீஸ்’ என்று கேட்டால் ஓர் அட்டவணையின் அயல் சாவிகளைத் தரும். கேட்கும்போது கேட்டலாக், ஸ்கீமா, அட்டவணை என்று மூன்று பெயர்கள் கொடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இணைப்பான் இயல்பாகத் தரவுத்தளத்தின் பெயரைக் கேட்டலாக் என்ற இடத்தில் எதிர்பார்க்கும். போஸ்ட்கிரெஸில் பழகியவர் அதை ஸ்கீமா இடத்தில் வைப்பார். ஆரக்கிள், மேற்கோள் குறியின்றி எழுதிய பெயர்களைப் பெரிய எழுத்தில் சேமிக்கும். போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தில். சிறிய எழுத்தில் ‘ஃபிலிம்’ என்று ஆரக்கிளிடம் கேட்டால், அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்று அது சொல்லாது. வெற்றுப் பட்டியல் ஒன்றைத் தரும். மீண்டும் அதே வெற்று விடை.

கிடைத்த பிறகு வரும் சிக்கல்

சில வேளை கருவி உறவைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கும். எழுதும் இடத்தில் தடுமாறும். சாகிலாவின் பட அட்டவணையில் மொழியைச் சுட்டும் நெடுவரிசைகள் இரண்டு: படத்தின் மொழி, அதன் மூல மொழி. சுட்டப்படும் அட்டவணையின் பெயரையே உறுப்புக்குச் சூட்டும் கருவிக்கு இரண்டும் ‘லாங்குவேஜ்’ ஆகிவிடும். ஒன்று மற்றதை அழித்துவிடலாம். ஹைபர்னேட் கருவிகள் ‘லாங்குவேஜ் பை லாங்குவேஜ் ஐடி’, ‘லாங்குவேஜ் பை ஒரிஜினல் லாங்குவேஜ் ஐடி’ என்று நீட்டி முழக்கிப் பெயர் வைக்கின்றன. கேட்க அழகில்லை, ஆனால் எதுவும் தொலையாது. பைத்தானின் எஸ்க்யூஎல் ஆல்கெமி, எந்தச் சாவி வழியாக இணைப்பது என்று சொல்லாவிட்டால் வெளிப்படையாகப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. நிற்பதே மேல்.

சாகிலாவில் கிளை அட்டவணை தன் மேலாளரை ஊழியர் அட்டவணையில் சுட்டுகிறது. ஊழியர் அட்டவணை அவர் பணிபுரியும் கிளையைச் சுட்டுகிறது. இரண்டும் காலியாக இருக்கக் கூடாத நெடுவரிசைகள். எந்த அட்டவணை முதலில் என்று வரிசைப்படுத்த முயலும் கருவி இந்த வட்டத்தில் சிக்கிக்கொள்ளும். சாகிலாவின் கோப்பே, அயல் சாவிச் சோதனையை அணைத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. நடிகரையும் படத்தையும் இணைக்கும் இடை அட்டவணையில் வேறொரு நுணுக்கம். இரண்டு அயல் சாவிகள் மட்டுமே இருந்தால் அதைத் தூய இணைப்பு அட்டவணை என்று கண்டு, நடுவிலிருந்து மறைத்துவிட்டு, நடிகரிலிருந்து நேரே படங்களுக்கு வழி போடும் கருவிகள் உண்டு. சாகிலாவில் ‘லாஸ்ட் அப்டேட்’ என்ற மூன்றாவது நெடுவரிசை ஒன்று இருக்கிறது. அதனால் அவற்றின் கண்ணுக்கு அது தூயதன்று. தனி கிளாஸாக நிற்கும். இதைக் கோளாறு என்று நினைத்துத் தேடுபவர்கள் பலர். கோளாறு இல்லை. மறைத்தால் அந்த நேரக் குறிப்பைத் தொலைக்க வேண்டியிருக்கும்.

ஊகித்தால் என்ன?

பதிவேட்டில் இல்லாவிட்டால் பெயரை வைத்தோ தரவை வைத்தோ ஊகிக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். ரூபி ஆன் ரெயில்ஸ் பெயரையே நம்பி வளர்ந்தது: நெடுவரிசையின் முடிவில் ‘ஐடி’ என்றிருந்தால் அதற்கு முன்னுள்ள சொல் அட்டவணையைக் குறிக்கும். தரவுத்தளத்தில் அயல் சாவியைச் சேர்க்கும் வசதி ரெயில்ஸில் 2014இல், 4.2 பதிப்பில்தான் வந்தது. அதுவரை எழுதப்பட்ட ரெயில்ஸ் தரவுத்தளங்களில் உறவு பெரும்பாலும் ரூபிக் கோப்புகளில் இருந்தது, பதிவேட்டில் இல்லை.

பெயர் ஒழுங்கு இல்லாத இடத்தில் இந்த வழி கைகொடுக்காது. வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில் ஓடுகின்றன. அதன் ஸ்கீமாவில் அயல் சாவி ஒன்றுகூட இல்லை. பதிவு எழுதியவரைச் சுட்டும் நெடுவரிசை ‘போஸ்ட் ஆத்தர்’. ஆனால் பயனர் அட்டவணையில் ஆத்தர் என்று எதுவும் இல்லை. தாய்ப் பதிவைச் சுட்டும் ‘போஸ்ட் பேரன்ட்’, தாய் இல்லாதபோது காலியாக இருப்பதில்லை. 0 என்று இருக்கிறது. 0 என்ற எண்ணில் பதிவு எதுவும் கிடையாது. ஆக, இதற்கு இன்று அயல் சாவி போட முயன்றாலும் தரவுத்தளம் மறுத்துவிடும். வகைப்பாட்டை இணைக்கும் அட்டவணையின் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ சில நேரம் பதிவையும் சில நேரம் இணைப்புச் சுட்டியையும் குறிக்கிறது. ஒரே நெடுவரிசை இரண்டு அட்டவணைகளைச் சுட்டுவதை அயல் சாவியால் சொல்லவே முடியாது. எவ்வளவு தேர்ந்த கருவியும் இங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. கையால்தான் எழுத வேண்டும்.

தரவை வைத்து ஊகிப்பது கணினி அறிவியலில் ஒரு தனி ஆய்வுத் துறை. ஒரு நெடுவரிசையின் மதிப்புகள் எல்லாம் இன்னொன்றில் அடங்கியிருந்தால் அங்கே அயல் சாவி இருக்கலாம் என்பது அடிப்படை. ஆயிரம் நெடுவரிசைகள் உள்ள தரவுத்தளத்தில் சோதிக்க வேண்டிய இணைகள் 9,99,000. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் நௌமானும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இவ்வளவு இணைகளையும் விரைவாகச் சலித்தெடுக்கும் வழிமுறைகளை உருவாக்கினார்கள். சலித்த பிறகும் மிஞ்சுவது ஏராளம் என்பதுதான் சிக்கல்.

ஏன் என்பதற்குச் சாகிலாவே சாட்சி. வாடிக்கையாளர் அட்டவணையில் கிளை எண்ணாக வருவது 1, 2 என்ற இரண்டு மதிப்புகளே. இவை கிளை அட்டவணையில் அடங்கும். ஊழியர் அட்டவணையிலும் அடங்கும். 6 மொழிகளின் எண்களிலும், 200 நடிகர்களின் எண்களிலும், 1000 படங்களின் எண்களிலும் அடங்கும். எண்கள் ஒன்றிலிருந்து தானாக ஏறும் எந்த அட்டவணையும் இன்னொன்றுக்குத் தாயாக வேடம் போட முடியும். பட அட்டவணையில் ஆயிரம் படங்களுக்கும் மொழி எண் 1 மட்டுமே. மூல மொழி நெடுவரிசையோ ஆயிரத்திலும் காலி. காலி நெடுவரிசை எல்லாவற்றிலும் அடங்கும். அதனால் எதையும் தெரிவிப்பதில்லை. ஸ்கீமாவில் ஒழுங்காக அறிவிக்கப்பட்ட அந்த உறவை, தரவை மட்டும் பார்க்கும் எந்த வழிமுறையாலும் கண்டுபிடிக்க முடியாது. இதனால்தான் 2009இல் நௌமானும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இயந்திரக் கற்றலை இதில் புகுத்தியபோது, மதிப்புகளோடு நெடுவரிசைப் பெயர்களின் ஒற்றுமை, அட்டவணைகளின் அளவு விகிதம், சுட்டப்படும் மதிப்புகளில் எவ்வளவு பங்கு பயன்படுகிறது என்பவற்றையும் சேர்த்து எடைபோட்டார்கள். அது நல்ல துணை. ஆனால் ஊகத்தை நேரடியாக நிரலாக்கிவிடும் கருவியை ஏற்றுக்கொள்ள முடியாது. ஊகித்த உறவை ஊகம் என்று குறித்து, மனிதர் ஒருவர் பார்த்து ஒப்பிய பிறகே எழுத வேண்டும். ஹைபர்னேட் கருவிகளில் இதற்கென்றே ஒரு தனிக் கோப்பு உண்டு. பதிவேட்டில் இல்லாத அயல் சாவியை அதில் எழுதி வைத்தால், இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நிரல் எழுதும்.

இயன்ற இடத்தில் உறவைத் தரவுத்தளத்திலேயே அறிவித்துவிடுவது இதைவிட மேல். அதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, வகைப் பொருத்தம். சாகிலாவில் பட எண், குறி இல்லாத ‘ஸ்மால் இன்ட்’. புதிதாகச் சேர்க்கும் அட்டவணையில் அதைச் சாதாரண ‘இன்ட்’ ஆக எழுதினால் மைஎஸ்க்யூஎல் மறுக்கும். 8ஆம் பதிப்பில் 3780 என்ற எண்ணோடு காரணத்தைச் சொல்லும், பழைய பதிப்புகளில் 150 என்று மட்டும் முணுமுணுக்கும். அப்போது இன்னோடிபியின் நிலை அறிக்கையைக் கேட்டால் கடைசி அயல் சாவிப் பிழை விளக்கமாக இருக்கும். எழுத்து நெடுவரிசைகள் என்றால் எழுத்துக் குறியாக்கமும் ஒப்பீட்டு முறையும்கூட ஒத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அநாதைப் பதிவுகள். காவல் இல்லாத ஆண்டுகளில், தாய்ப் பதிவு நீக்கப்பட்டுச் சேய்ப் பதிவு மட்டும் மிஞ்சியிருக்கும். வாடிக்கையாளரைச் சுட்டும் எண் இருக்கும், அந்த வாடிக்கையாளர் இருக்க மாட்டார். இரண்டு அட்டவணைகளையும் இடப்புற இணைப்பில் சேர்த்து, வலப்பக்கம் காலியாக வரும் பதிவுகளை எடுத்தால் அவை எல்லாம் வெளிப்படும். சிலர் அவசரத்தில் மைஎஸ்க்யூஎல்லின் சோதனையை அணைத்துவிட்டுச் சாவியைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு சோதனையை இயக்கினாலும் அது பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்க்காது. அநாதைகள் அப்படியே உள்ளே இருப்பார்கள். அவை வெறும் எண்கள் அல்ல. யாரோ ஒருவரின் கட்டணம், மருந்துச் சீட்டு, மதிப்பெண் அதில் இருக்கலாம். அவற்றை நீக்குவதா, தாயைத் தேடிச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க அந்தத் தரவை அறிந்தவர் வேண்டும், காலமும் வேண்டும்.

அந்தக் காலத்தை போஸ்ட்கிரெஸ் நேர்மையாகத் தருகிறது. அயல் சாவியை ‘நாட் வேலிட்’ என்ற குறிப்போடு சேர்க்கலாம். அந்தக் கணத்திலிருந்து புதிதாக வரும், மாறும் பதிவுகள் எல்லாம் சோதிக்கப்படும். பழையவற்றை அது தொடாது, சரிபார்க்கப்படவில்லை என்று பதிவேட்டில் வெளிப்படையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அநாதைகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்து முடித்த பிறகு, ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று சொன்னால், எழுதும் பணிகளை நிறுத்தாமலேயே பழைய பதிவுகளைச் சரிபார்த்து அந்தக் குறிப்பை எடுத்துவிடும். இதற்கு வாரங்கள் ஆகலாம். ‘பிஜி கன்ஸ்ட்ரெயின்ட்’டைப் படிக்கும் நிரல் உருவாக்கிக்கோ அந்த உறவு முதல் நாளிலிருந்தே தெரியும்.